பையன் 13டி அணியாம்: இந்த ஜிபிஎஸ் ரக்பி கணக்கு யாருக்காவது புரியுமா?

கேஸில்ஹில்_அம்மா:

வணக்கம். எங்களுக்கு ஊர் கோயம்புத்தூர். சிட்னி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் கிரிக்கெட் தெரியும், கபடி ஓரளவு தெரியும், ரக்பி பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

மகன் இந்த வருடம் ஒரு ஜிபிஎஸ் பள்ளியில் (கிரேட் பப்ளிக் ஸ்கூல்ஸ் என்ற பள்ளிச் சங்கம்) ஏழாம் வகுப்பு சேர்ந்தான். பள்ளிப் பெயர் வேண்டாமே. குளிர்காலத்துக்கு ஒரு விளையாட்டு எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். நாங்கள் ஃபுட்பாலுக்கு டிக் போட்டுக் கொடுத்தனுப்பினோம். ஐயா அதை அடித்துவிட்டு ரக்பி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஏன்டா என்றால், பக்கத்து சீட் பையன் ரக்பியாம்.

டிரையல் முடிந்து அவனை 13டி அணியில் போட்டிருக்கிறார்கள், பதின்மூன்று வயதுப் பிரிவில் நாலாவது அணியாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 'சனிக்கிழமை டீஸ் 8 மணிக்கு' என்று செய்தி வந்தது. ஏதோ டீ பார்ட்டி என்று நினைத்து முறுக்கு வாங்கி வைத்தேன். சிரிக்காதீர்கள்.

இப்போது குழப்பத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்கள் 13ஏ அணி 57-0 என்று தோற்றது. அதே நாள், அதே எதிரணிப் பள்ளி, எங்கள் 13டி 24-22 என்று ஜெயித்தது. இது எப்படி? ஜிபிஎஸ் என்றால் ஒன்பது பள்ளி என்கிறார்கள், ஆனால் பெரிய அணியின் புள்ளிப் பட்டியலில் ஆறு பெயர்தான் இருக்கிறது. சிட்னி ஹை எங்கே போனது? இறுதிப் போட்டியே கிடையாது என்றும் ஒரு அம்மா சொன்னார். அப்படியென்றால் ஒரு குறிப்பிட்ட பள்ளியோடு ஆடும் வாரம் மட்டும் ஏன் இவ்வளவு அமர்க்களம்? அசெம்பிளியில் பாடம் மாதிரி கோஷம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். இவன் குளிக்கும்போதுகூட அதைத்தான் கத்துகிறான்.

என் கணவரின் கேள்வி வேறு. "இவ்வளவு ஃபீஸ் கட்டி டி டீமா?" என்கிறார். எனக்கு அடிபடுமோ என்றுதான் பயம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.


குடைபிடித்தவன்:

டென்னிஸில் போடுங்கள். மழை வந்தால் ஆட்டம் ரத்து, நீங்களும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். ரக்பி மழைக்கு நிற்காது. நான்கு வருடம் நனைந்தவன் சொல்கிறேன்.


கண்டிக்காரன்:

டி அணி கிடைத்ததற்கு முதலில் வாழ்த்து, தங்கச்சி. பகிடிக்குச் சொல்லவில்லை. என் மூத்தவன் 13ஏ-யில் தொடங்கி 16சி-யில் முடித்தான். இளையவன் 13எஃப்-இல் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் நாலாவது அணியில் முடித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது குளிர்காலம் கோட்டோரம் நின்றிருக்கிறேன். ஆறு வருடம் டச் ஜட்ஜ் (பந்து கோட்டைத் தாண்டுவதைப் பார்த்துச் சொல்பவர்) கொடியும் என் கையில்தான். எல்லாவற்றிலும் நல்ல ஆட்டம் பார்த்தது சி, டி, ஈ அணிகளில்தான்.

ஒன்பதுக்கும் ஆறுக்கும் வருகிறேன். ஜிபிஎஸ் 1892-இல் தொடங்கிய சங்கம். கிங்ஸ், நியூயிங்டன், ஸ்காட்ஸ், ஷோர், ரிவர்வியூ, செயின்ட் ஜோசப்ஸ் (எல்லோரும் ஜோயீஸ் என்பார்கள்), சிட்னி கிராமர், சிட்னி பாய்ஸ் ஹை, பிறகு தூரத்தில் ஆர்மிடேல். இதில் ஹை மட்டும் அரசுப் பாடசாலை, சோதனை எழுதி உள்ளே போவது. மற்றதெல்லாம் காசுதான். மேல் வகுப்புக்கு வருடம் 40,000 டாலருக்கு மேல் வாங்கும் இடங்களும் உண்டு. பெரிய கேடயத்துக்கு, நான் சொன்ன வரிசையில் முதலில் வரும் ஆறு பாடசாலைகளின் ஃபர்ஸ்ட்ஸ், அதாவது முதல் அணிகள் ஆடும். கிராமரும் ஹையும் தங்கள் முதல் அணியை மற்றவர்களின் மூன்றாவது அணிகள் ஆடும் போட்டியில் இறக்குகிறார்கள். நீங்கள் பார்த்த பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். மானம் போகிற விஷயம் என்று வெளியில் நிற்பவர்கள் நினைப்பார்கள். 70 கிலோப் பிள்ளையை 110 கிலோப் பிள்ளைக்கு எதிரே நிறுத்தி, ஒவ்வொரு சனிக்கிழமையும் நூறு புள்ளி வாங்குவதில் என்ன மானம் இருக்கிறது? எனக்குத் தெரிந்து அந்தச் சங்கம் எடுத்த மிகப் புத்தியான முடிவு அது.

இனி உங்கள் 57-0 கதை. பிள்ளைகள் எத்தனை பேர், அதில் ரக்பிக்கு வருவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பாடசாலையில் பதின்மூன்று வயதுக்காரர் நூற்றிருபது பேர் வந்தால் ஏ முதல் எச் வரை எட்டு அணி போடலாம். இன்னொன்றில் ஐம்பது பேர்தான் என்றால் சி-யோடு மூச்சு நின்றுவிடும். ஃபிக்சர் தாளில் ஏ-க்கு ஏ, பி-க்கு பி என்று நேராக எழுதியிருக்கும். கீழே போகப் போக 'நம் எஃப், அவர்கள் டி' என்று கோணல்மாணலாக வரும். பெற்றோர்கள் கேடயப் பட்டியலைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்தத் தாளின் கடைசி நாலு வரியை. எந்தப் பாடசாலை எத்தனை எழுத்து வரை போகிறது என்று பார்த்தால் போதும், அங்கே ரக்பியின் உண்மையான நிலவரம் தெரிந்துவிடும்.

ஏ அணி தோற்பதற்கு இன்னொரு காரணம், பதின்மூன்று வயது. அந்த வயதில் ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது. மீசைக்காரர்கள் மூன்று பேர் எதிரணியில் இருந்தால் கதை முடிந்தது. பந்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு மற்றப் பன்னிரண்டு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். டி அணிக்கு மீசைக்காரன் வரமாட்டான். எல்லோரும் ஒரே பருமன், ஒரே பயம், பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்று ஒருவனுக்கும் தெரியாது. அதனால்தான் 24-22 வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது அந்த மீசைக்காரரில் பாதிப் பேர் வளர்ச்சி நின்று இரண்டாவது அணியில் இருப்பார்கள். என் வீட்டில் மூத்தவன் கதையே அதுதான்.

அவனை 14ஏ-யிலிருந்து பி-க்கு இறக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவருக்கு உதவும். இரண்டாம் பருவம் தொடங்கி இரண்டாம் கிழமை, நியூசிலாந்திலிருந்து ஒரு பொடியன் வந்து சேர்ந்தான். ஆறடி. மூத்தவன் ஆடிய எண் 8 இடம் அவனுக்குப் போனது. கோட்டோரத்தில் உடனே கதை தொடங்கிவிட்டது: 'இவனை யார் கூட்டி வந்தது, ஃபீஸ் யார் கட்டுகிறார்கள்.' எல்லாப் பாடசாலைப் பெற்றோரும் மற்றப் பாடசாலைகள்தான் ஆள் பிடிக்கின்றன என்பார்கள். தங்கள் பக்கம் வருபவன் மட்டும் கல்விக்காக வந்தவன். நானும் இரண்டு கிழமை அந்தக் கதையில் சேர்ந்து கதைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அந்தப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பதினாலு இடியப்பம் சாப்பிட்டு, மனைவியிடம் சம்பல் எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

இறுதிப் போட்டி இல்லை என்பது உண்மை. ஒருவரோடு ஒருவர் ஆடி, கடைசியில் புள்ளி கூடியவர் பிரீமியர். சமமாக வந்தால் பங்கு போட்டுக்கொள்வார்கள். இது ஏதோ பழங்கால மரியாதை மாதிரித் தோன்றும், ஆனால் அமர்க்களத்துக்கெல்லாம் வேர் இங்கேதான். ஆறு அணிதான். அரையிறுதி என்று ஒரு இரண்டாவது வாய்ப்பு யாருக்கும் கிடையாது. ஜூனில் ஒரு ஆட்டம் தவறினால் ஆகஸ்ட் வரை அது முதுகில் தொங்கும். ஒரு தோல்வியின் விலை இவ்வளவு என்றால் ஆள் தேடும் ஆசை வரத்தானே செய்யும்? மூன்று ஆட்டம் தோற்றுவிட்ட பாடசாலைக்கோ பருவத்தில் மிஞ்சுவது 'அவனையாவது அடிப்போம்' என்கிற ஒரு ஆட்டம்தான். இறுதிப் போட்டி செய்ய வேண்டிய வேலையைப் பழைய பகை செய்கிறது.

அந்தப் பகை யாரோடு என்று பார்த்தால் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடுதான். ரிவர்வியூவை ஜெசுவிட்கள் 1880-இல் தொடங்கினார்கள். ஜோயீஸை மாரிஸ்ட் சகோதரர்கள் 1881-இல். இரண்டும் கத்தோலிக்கம், நடுவில் லேன் கோவ் ஆறு மட்டும். அந்த ஆட்டத்துக்கு ஜோயீஸ் இருக்கும் ஹன்டர்ஸ் ஹில்லில் ஆயிரக்கணக்கில் சனம் கூடும். ஒருமுறை வேடிக்கைக்குப் போங்கள். காரை எங்கேயோ விட்டுவிட்டு இருபது நிமிடம் நடக்க வேண்டும். தெருவெல்லாம் பழைய மாணவர்கள், அறுபது வயதுக்காரரும் செரீஸும் நீலமும் கலந்த கழுத்துப் பட்டியோடு. மைதானத்தில் ஒரு பக்கம் முழுக்க பிளேசர் போட்ட பிள்ளைகள். ஒருவன் முன்னால் நின்று கையைத் தூக்கியதும் சத்தம் அப்படியே அடங்கும், அடுத்த நொடி நூற்றுக்கணக்கான தொண்டையும் ஒன்றாகத் திறக்கும். உங்கள் மகன் குளியலறையில் பயிற்சி எடுப்பது அதற்குத்தான். ரசிக்க முடிகிறவரை ரசியுங்கள், இரண்டு வருடத்தில் வெட்கம் வந்து நிறுத்திவிடுவான்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. நான் வளர்ந்தது கண்டியில், அங்கே ரகர் என்போம். கண்டி டிரினிட்டிக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் முதல் ஆட்டம் 1920-இல் நடந்தது. றோயல் அதிபராக இருந்த பிராட்பி என்ற வெள்ளைக்காரர் கொடுத்த கேடயத்துக்கு 1945-இலிருந்து ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டம், ஒன்று கண்டியில், ஒன்று கொழும்பில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். கண்டியில் மூன்று புள்ளியால் தோற்றாலும் கொழும்பில் பத்தால் வென்றால் கேடயம் உங்களுக்கு. லீக் போட்டி தனியாக ஒரு பக்கம் ஓடும். லீக்கில் எங்கே கிடந்தாலும் சரி, பிராட்பியை வென்றால் அந்த வருடத்துக் கப்டனுக்குச் சாகும் வரை மரியாதை. றோயலில் படித்து இலங்கைக்கும் ஆடிய சும்மா நவரத்தினம் எங்கள் தமிழர்தான். ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர். டிரினிட்டிப் பக்கம் நின்ற என் அப்பாவே அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். சிட்னியில் லீக்கும் பழைய பகையும் ஒரே ஆட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பிராட்பி மாதிரி அதைத் தனியே பிரித்து வைத்திருந்தால் இங்கே பாதித் தலைவலி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடிபடுவது பற்றி. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் ரெஃபரி நீல அட்டை காட்டுவார், பிள்ளை வெளியே. பிறகு குறைந்தது மூன்று கிழமை ஆட்டம் கிடையாது, வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் கெஞ்சினாலும் கோச் கெஞ்சினாலும் அந்த மூன்று கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்க்ரமில் (இரண்டு அணியும் தோளோடு தோள் பூட்டித் தள்ளுவது) இந்த வயதினர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்றும் விதி இருக்கிறது. பல் காப்புக்குக் கடையில் விற்பதை வாங்காமல் பல் வைத்தியரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள். கடை வாங்கல் வாயில் நிற்காது, பிள்ளை அதைச் சப்பிச் சப்பி இரண்டு கிழமையில் முடித்துவிடும்.

கடைசியாக ஒரு டி அணிக் கதை. இளையவன் 14டி ஆடிய வருடம், ஜூலை என்று நினைக்கிறேன், புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. எட்டு மணி ஆட்டத்துக்கு எதிரணி பதினொரு பேரோடு வந்திறங்கியது. மிச்சப் பேருக்குக் காய்ச்சல். நம் பக்கம் பதினேழு பேர். கோச் என்பவர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் பழைய மாணவன், அவனுக்கே தூக்கம் தெளியவில்லை. "மூன்று பேர் அந்தப் பக்கம் போங்கடா" என்றான். பதினாலுக்குப் பதினாலு. என் மகன் கையைத் தூக்கினான். அவர்களிடம் மிச்சமிருந்த ஜெர்சி பெரிய அளவு. முழங்கால் வரை தொங்க, கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

இரண்டாம் பாதியில் பந்து யாருடைய காலிலோ பட்டு இவன் மடியில் விழுந்தது. நாற்பது மீட்டர் ஓடினான். அதுவரை அவன் வாழ்க்கையில் ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லோரும் தங்களை மறந்து கத்துகிறார்கள், ஓடு, ஓடு என்று. சொந்த அணிப் பொடியன்கள் துரத்துகிறார்கள், துரத்திக்கொண்டே சிரிக்கிறார்கள். கம்பத்துக்கு நேர் கீழே வைத்தான். இரண்டு அணியும் அவன்மேல் விழுந்தது. நான் கொடியோடு ஓட வேண்டியவன், நின்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

காரில் ஏறியதும் கேட்டான்: "அப்பா, இந்த ட்ரை யார் கணக்கில் போகும்?" அவர்கள் கணக்கில்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்ப நான்தான் நம்மைத் தோற்கடித்தேனா?" என்றான். 19-17. ஆமாம், அவன்தான்.


கேஸில்ஹில்_அம்மா:

அண்ணா, இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இடியப்பம் இடத்தில் சிரித்தார், கடைசியில் ஒன்றும் பேசவில்லை. மூன்று வார விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஃபிக்சர் தாளையும் எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு 13ஜி வரை இருக்கிறது, போன வாரம் வந்தவர்களுக்கு டி-யோடு முடிகிறது. அப்படியென்றால் இவர்கள் ஜெயித்தது அவர்களுடைய கடைசி அணியையா? மகனிடம் சொல்லவில்லை.


கண்டிக்காரன்:

சொல்லவே வேண்டாம்.


மூன்றாம்_பிரிவு:

ஹை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் அங்கே படித்தவன், ஃபர்ஸ்ட்ஸில் ப்ராப் (ஸ்க்ரமின் முன்வரிசை) ஆடினேன். எடை 78 கிலோ. அண்ணா சொன்னது சரி, எங்கள் முதல் அணி மற்றவர்களின் மூன்றாவது அணியோடுதான் ஆடும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. எங்களுக்கு அது வருடத்தின் பெரிய ஆட்டம், பள்ளிக் கேப்டன் அணியில் இருப்பார், ஜெர்சியை முதல் நாள் கூப்பிட்டு வைத்துத் தருவார்கள். எதிரே நிற்பவர்களுக்கோ அது தேர்டுஸ், இரண்டாவது அணியில் இடம் கிடைக்காத கோபத்தில் வந்திருப்பார்கள். அந்தக் கோபத்தை முதல் ஸ்க்ரமில் என் கழுத்தில் உணர்ந்திருக்கிறேன்.

கிராமரோடு ஆடும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஃபர்ஸ்ட்ஸ். இரண்டும் படிப்புக்குப் பெயர்போன பள்ளிகள், இரண்டு பக்கமும் பாதிப் பேர் திங்கட்கிழமை தேர்வுக்குப் படித்துக்கொண்டே பஸ்ஸில் வருவார்கள். எங்களுக்குக் கிராமர்தான் பிராட்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ரக்பி ஆடினால் மெடிசின் போய்விடும் என்று இரண்டு வருடம் பேசவில்லை. மெடிசின் கிடைக்கவில்லைதான், ஆனால் அதற்கும் ரக்பிக்கும் சம்பந்தமில்லை, கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும்தான் சம்பந்தமில்லை.


பிரிஸ்பேன்_ஆற்றோரம்:

உங்கள் ஊர் ஒன்பதில் ஆறு என்றால் எங்கள் ஊர் ஒன்பதுக்கு ஒன்பது. குயின்ஸ்லாந்து ஜிபிஎஸ் 1918-இல் தொடங்கியது, அதிலும் ஒன்பது பள்ளிகள், எல்லோரும் ஃபர்ஸ்ட்ஸ் இறக்குவார்கள். ஆளுக்கு எட்டு ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு, இறுதிப் போட்டி இங்கேயும் கிடையாது. எங்களிடமும் ஒரே ஒரு அரசுப் பள்ளி, பிரிஸ்பேன் ஸ்டேட் ஹை. ஆனால் அது ஒதுங்கி நிற்கிற ஆள் இல்லை, வருகிறவரையெல்லாம் அடிக்கிற ஆள். ரக்பி லீக்கில் (பதின்மூன்று பேர் ஆடும் இன்னொரு வகை ரக்பி) ராஜா என்று பெயரெடுத்த வாலி லூயிஸ் அங்கே படித்தவர்தான்.

பக்கத்து வீட்டுப் பகை என்றாரே கண்டிக்காரர், எங்கள் ஊரில் அது ஒரே வீட்டுப் பகை. கிரெகரி டெரஸ், நட்ஜி இரண்டுமே செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ், இரண்டையும் தொடங்கியது கிறிஸ்டியன் பிரதர்ஸ். டெரஸ் 1875, விடுதிப் பிள்ளைகளுக்காக நட்ஜி 1891. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரிதான். எனக்கு மருமகன் நட்ஜி, சம்பந்தி டெரஸ். அந்த வாரம் மட்டும் வீட்டில் சாம்பார் வேறு வேறு அடுப்பில்.


கண்டிக்காரன்:

வாலி லூயிஸ் என்றதும் ஞாபகம் வந்தது. 1977-78 சுற்றுப்பயணம் போய் ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த ஆஸ்திரேலியப் பாடசாலை அணியில் அவரும் இருந்தார், எல்லா சகோதரர்கள் மூன்று பேரும் இருந்தார்கள் (குடும்பப் பெயரே எல்லா). அந்த மூன்று பேரும் கிழக்கு சிட்னியில் மேட்ராவில் ஹை, அரசுப் பாடசாலை. பின்னாளில் வாலபீஸ் (ஆஸ்திரேலிய தேசிய அணி) பயிற்சியாளரான எடி ஜோன்ஸும் அங்கே அவர்களோடு படித்தவர். பிளேசர், கோஷம் ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள். இப்போது ஓட்டம் எதிர்ப்பக்கம், பிளேசர் பாடசாலைகளிலிருந்து லீக்குக்கு. கேமரன் மரே நியூயிங்டன், அங்கஸ் கிரைட்டன் ஸ்காட்ஸ், இரண்டு பேரும் லீக்குக்குப் போய்விட்டார்கள். கிங்ஸில் ஆடிய சுவாலியும் அப்படிப் போனவர்தான், பிறகு பெரிய காசு கொடுத்து யூனியனுக்கு (நம் பிள்ளைகள் ஆடுகிற ரக்பி) திருப்பிக் கூட்டி வந்தார்கள். ஃபர்ஸ்ட்ஸ் ஆட்டத்தில் வேலியோரம் தொப்பியோடு தனியாக நின்று குறிப்பு எழுதும் ஆளைப் பார்த்தால், அவர் பெற்றோர் இல்லை.

டி அணி ஆட்டத்துக்கு அவர் வரமாட்டார். நிம்மதி.


கேஸில்ஹில்_அம்மா:

இந்த சனிக்கிழமை அறிக்கை. ஆட்டம் ஸ்டான்மோரில், நியூயிங்டனில். தலைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். ரெஃபரி விசில் அடித்தது தெரியாமல் ஒரு பையன் பாட்டுக்கு ஓடிப்போய் ட்ரை வைத்துவிட்டு, யாரும் பின்னால் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தான். 12-17 தோல்வி. மகன் ஒருவனைப் பிடித்துக் கீழே தள்ளினான், சரியாகத்தான் தள்ளினானாம். முழங்கையில் மண், முகமெல்லாம் சிரிப்பு. முறுக்கு இந்த முறை வேலைக்கு ஆனது, இரண்டு அணியும் தீர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று. டச் ஜட்ஜாக யாரும் முன்வரவில்லை என்று மேனேஜர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் கணவர் தப்பிக்கக் குனிந்து ஷூ லேஸ் கட்டினார், நிமிரும்போது கையில் கொடி இருந்தது. பந்து வெளியே போனபோதெல்லாம் கொடியை ஆட்டினார், யாருக்குப் பந்து என்று ரெஃபரி மூன்று முறை கேட்டுவிட்டார். அடுத்த வாரமும் அவரே என்று எழுதிவிட்டார்கள். கொடியை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் அண்ணா?


கண்டிக்காரன்:

கொடியை நீட்டவே கூடாது, தலைக்கு மேல் நேராகத் தூக்க வேண்டும். மற்றக் கையால் பந்தை எறியப்போகும் அணியின் பக்கம் காட்டச் சொல்லுங்கள். பந்து கோட்டைத் தாண்டிய இடத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து காட்டினால் போதாது. ட்ரைக்குப் பிறகு உதை வரும்போது மற்ற டச் ஜட்ஜோடு போய்க் கம்பத்துக்குப் பின்னால், ஆளுக்கொரு கம்பத்தடியில் நிற்க வேண்டும். பந்து உள்ளே போனால் மட்டும் கொடி மேலே. தன் மகன் பக்கத்தில் ஓடும்போது கத்தக்கூடாது, அதுதான் கஷ்டம். கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கிவிடுங்கள், ஜூனுக்குள் ஷூ போய்விடும்.